பச்சைப்பிள்ளையும் பழஞ்சீலையும்

நான் வாழும் ஆஹென் நகரத்துப் பேராலயத்தில் ஒரு பழைய துணி இருக்கிறது. 1239ஆம் ஆண்டு செய்து முடிக்கப்பட்ட மரியன்னையின் பொற்பேழைக்குள் அது வைக்கப்பட்டுள்ளது. குழந்தை இயேசுவைச் சுற்றிய துணி என்பது நம்பிக்கை. 1349ஆம் ஆண்டிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை வெளியே எடுத்து மக்களுக்குக் காட்டுகிறார்கள். கடைசியாக 2021இல் நடக்கவேண்டிய விழா, கொரோனாத் தொற்றினால் தள்ளிப்போய் 2023இல் நடந்தது. இந்தத் துணியைப் பற்றி இப்பகுதியில் ஒரு பழங்கதையும் உண்டு. மாற்றுத்துணி எதுவும் இல்லாத அந்தக் குளிர் இரவில், சூசையப்பர் தனது காலுறைகளைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றக் கொடுத்தாராம்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். ஆயினும் அந்தக் கதையை முதன்முதலில் கேட்டபோது என் மனதில் வந்து நின்றது எங்கள் அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டி. அதன் அடியில் கிழித்து, துவைத்து, மடித்து அடுக்கிய பழஞ்சீலைத் துண்டுகள் எப்போதும் இருக்கும். ஊரில் யாருக்காவது பிள்ளை பிறக்கப்போகிறது என்றால் அம்மம்மா அதைத்தான் முதலில் திறப்பார். "பச்சைப்பிள்ளைக்குப் புதுச்சீலை போடக்கூடாது பிள்ளை, உடம்பு தாங்காது" என்பார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பிறகுதான் புதுச்சட்டை.

பல வருடங்கள் கழித்து, இங்குள்ள மருத்துவிச்சி ஒருவர் பிரசவ வகுப்பிலே சொன்னார்: "புதிதாக வாங்கும் உடுப்புகளை இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகே குழந்தைக்குப் போடுங்கள். பிறர் போட்டுக் கழித்த பழைய உடுப்பு கிடைத்தால் அது இன்னும் நல்லது." கஞ்சியும் சாயமும் நெசவாலை இரசாயனங்களும் கழுவுண்டு போன துணிதான் புதுத் தோலுக்கு ஏற்றது என்பது அவர் சொன்ன விளக்கம். அம்மம்மாவுக்கு விளக்கம் தெரியாது. முடிவு மட்டும் தெரியும்.

பிறந்த குழந்தையைப் பேணுவதில் நம் தாய்மாருக்கு என்ன தெரியும், அதிலே எது சரி, எது ஆபத்து, தாய் பக்கத்தில் இல்லாத புலம்பெயர் வீட்டில் அந்த அறிவு என்னவாகிறது என்பவற்றைப் பற்றியே இக்கட்டுரை. நான் வைத்தியர் அல்ல. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். கடந்த பல ஆண்டுகளாக இங்கு பிள்ளை பெறும் தமிழ்ப் பெண்களுக்கும் ஜேர்மன் மருத்துவிச்சிகளுக்கும் நடுவிலிருந்து மொழிபெயர்ப்பவள். அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

வீட்டு அறிவு

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்பார்கள். அவளுக்கென்று தனிச் சமையல், தனி அறை, தனிக் குளியல். மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், உள்ளி சேர்த்து அரைத்த சரக்குக்கறி. பால் சுரக்கச் சுறாவும் முருங்கையிலையும். இலைகள் அவித்த தண்ணீரில் வேது. முப்பத்தொரு நாட்களுக்கு அவள் கிணற்றடிக்கோ அடுப்படிக்கோ போகத் தேவையில்லை. தமிழ்நாட்டிலும் தாய்வீட்டுப் பிரசவமும் பத்தியமும் நாற்பது நாள் கணக்கும் இதே போன்றவைதான்.

இதைத் தீட்டு என்று ஒதுக்கிவைத்தார்கள் என்று இன்று சிலர் கோபப்படுவதுண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஒதுக்கலின் உள்ளே பெண்ணுக்கு ஓய்வும், பிள்ளைக்குத் தொற்றிலிருந்து காவலும் கிடைத்தன என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். ஜேர்மன் மொழியில் இக்காலத்துக்கு 'வொகென்பெட்' என்று பெயர். வாரங்களின் படுக்கை என்று பொருள். 1952ஆம் ஆண்டின் தாய்மைப் பாதுகாப்புச் சட்டம் இன்று, பிரசவத்தின் பின் எட்டு வாரங்கள் அப்பெண்ணை வேலைக்கு எடுக்கவே கூடாது என்கிறது. குறைமாதப் பிள்ளையோ இரட்டையோ என்றால் பன்னிரண்டு வாரங்கள். நம்மூரில் வழக்கம் செய்ததை இங்கே சட்டம் செய்கிறது.

பிள்ளைக்கு என்று பார்த்தால், எண்ணெய் பூசிக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவது, ஏணையில் போட்டு ஆட்டுவது, ஓராட்டுப் பாடுவது, நாவூறு கழிப்பது, வசம்பு கட்டுவது, உரைமருந்து கொடுப்பது, சாம்பிராணிப் புகை காட்டுவது, நெற்றியிலும் கன்னத்திலும் கறுத்தப் பொட்டு வைப்பது என்று பட்டியல் நீளும். இதில் மருந்து எது, அன்பு எது, பயம் எது என்று பிரிப்பது எளிதல்ல. செய்பவர்களும் பிரித்துப் பார்ப்பதில்லை.

வாசற்படி ஏறி வரும் அறிவு

தாயும் அம்மம்மாவும் இல்லாத இடத்தில் இந்த வேலையை யார் செய்வது? ஜேர்மனியில் அதற்கு விடை மருத்துவிச்சி. 'ஹெபாமெ' என்பது அவருக்குரிய பெயர். எந்தப் பிரசவத்திலும் அவர் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். வைத்தியர் கூட அவரை அழைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். வீட்டுக்கு வந்த பின், முதல் பத்து நாட்களுக்கு அவர் தினமும் வரலாம். அதன்பின் பன்னிரண்டு வாரம் வரை மேலும் பதினாறு தடவை. செலவு முழுவதையும் மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. தராசுத் தொட்டிலில் பிள்ளையை நிறுப்பார், தொப்புளைப் பார்ப்பார், தாயின் வயிற்றைத் தடவிப் பார்ப்பார், பால் கொடுக்கும்போது பக்கத்தில் இருப்பார், அழுதால் கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது மருத்துவிச்சிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. கருவுற்றது உறுதியானதுமே தேடத் தொடங்காவிட்டால் கிடைப்பது சிரமம் என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதல் வேலையாகச் சொல்வேன்.

எங்கள் நகரத்தின் மேற்கு விளிம்பைத் தாண்டினால் நெதர்லாந்தின் வால்ஸ் என்ற சிற்றூர். பஸ்ஸிலே போகலாம். அங்கே ஏற்பாடு இன்னும் ஒரு படி மேல். பிரசவத்தின் பின் ஒரு வாரம் பத்து நாளைக்குப் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் வீட்டுக்கே வந்து, தேவையைப் பொறுத்து மொத்தம் 24 முதல் 80 மணி நேரம் வரை தங்கி, தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். மூத்த பிள்ளைக்குச் சாப்பாடு கொடுப்பதும் துணி துவைப்பதும் கூட அதில் அடக்கம். பார்க்க வருபவர்களுக்குக் காய்ந்த ரொட்டியில் வெண்ணெய் தடவி, சீனிப் பூச்சுப் பூசிய சோம்பு தூவிக் கொடுப்பது டச்சுக்காரர் வழக்கம். சோம்பு பால் சுரக்கச் செய்யும் என்பது அவர்களின் பழைய நம்பிக்கை. ஆஹென் மருந்துக்கடைகளில் பாலூட்டும் தாய்மாருக்கென்று விற்கும் தேநீரிலும் பெருஞ்சீரகமும் சோம்பும்தான். முதல்முறை அதை முகர்ந்தபோது, எங்கள் வீட்டு அடுப்படிக்குள் நிற்பது போலிருந்தது.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த முறையில், குடும்பநல மாது சைக்கிளில் வந்து படலையைத் திறந்து பிள்ளையைப் பார்த்துப் போவது என் சிறுவயதுக் காட்சிகளில் ஒன்று. வளம் குறைந்த நாடாக இருந்தும் இலங்கை சிசு மரணத்தை இவ்வளவு குறைத்ததற்கு அந்தச் சைக்கிளும் ஒரு காரணம். இந்தியாவில், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், வைத்தியத் தம்பதிகளான அபய் பங், ராணி பங் இருவரும் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அக்கிராமங்களில் பிறந்த முதல் மாத மரணம் சுமார் 62 சதவீதம் குறைந்ததை 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. இந்தியா முழுவதும் 'ஆஷா' பணியாளர்கள் பச்சைப்பிள்ளைகளை வீட்டில் சென்று பார்க்கும் திட்டம் 2011இல் வந்ததற்கு இதுவே வித்து. 2022ஆம் ஆண்டில் உலகில் சுமார் 23 இலட்சம் குழந்தைகள் பிறந்த முதல் 28 நாட்களுக்குள் இறந்தன. அவற்றில் பெரும்பகுதி, பெரிய இயந்திரங்கள் இல்லாமலே காப்பாற்றக்கூடியவை.

என் மகளின் மஞ்சள்

என் மூத்த மகள் 2003ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்தாள். அப்பாவுக்குச் சுகமில்லாததால் அம்மாவால் வரமுடியவில்லை. தொலைபேசி அட்டையின் இலக்கத்தைச் சுரண்டி, யாழ்ப்பாணத்துக்கு எடுத்து, ஐந்து யூரோ தீரும்வரை கதைப்பதுதான் எனக்குக் கிடைத்த தாய்வீடு.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். நான்காம் நாள் பிள்ளை நல்ல நித்திரை. நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் எழும்பவே இல்லை. 'குழப்படி இல்லாத பிள்ளை' என்று எனக்கும் கணவருக்கும் பெருமை. ஐந்தாம் நாள் காலை மருத்துவிச்சி வந்து பார்த்தார். நிறம் பற்றி நான் கேட்டேன். "உங்கள் நிறம் கலந்த அழகான நிறம்" என்றார். அவர் நல்லவர், அனுபவசாலி. ஆனால் அவருடைய கண் வெள்ளைத் தோலில் பழகிய கண். அன்று நிறுவையும் எடுக்கவில்லை.

மாலையில் அம்மாவுக்கு எடுத்தேன்.

"பிள்ளை என்ன செய்யுது?"

"நல்ல நித்திரையம்மா. பாலுக்கும் எழும்புறாள் இல்லை."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கண்முழியைத் திறந்து பார். வெள்ளையோ மஞ்சளோ?"

நான் பார்த்தேன். மஞ்சள்.

"பல்லு முரசை விரலால அமத்திப் பார். விட்ட உடனே என்ன நிறம்?"

அதுவும் மஞ்சள்.

"அது செங்கமாரி மாதிரித்தான். பயப்படாத. சீனித்தண்ணி பருக்கு. காலமை இளவெயில்ல உடுப்பைக் கழட்டிப் பிடி. இறங்கிவிடும்."

நான் சீனித்தண்ணீர் கரைத்து மூன்று தேக்கரண்டி பருக்கினேன். வெயில்? ஆஹெனில் நவம்பர் மாதத்தில் வெயில் எங்கே? மறுநாள் காலை சாம்பல் வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஜன்னலோரத்தில் பிள்ளையின் உடுப்பைக் கழற்றிப் பிடித்தேன். அவளுக்குக் கை கால் குளிர்ந்ததுதான் மிச்சம். கணவர் பொறுமை இழந்து மருத்துவிச்சிக்கு எடுத்தார். அவர் வந்து, இம்முறை நிறுத்துப் பார்த்தார். பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. கண்ணைப் பார்த்தார், முரசைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. தன்னுடைய காரிலேயே எங்களை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்.

குதிக்காலில் குத்தி எடுத்த இரத்தத்தில் பிலிரூபின் அளவு மிக உயர்ந்திருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று வைத்தியர் தொடங்கினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இரண்டு நாள் நீல வெளிச்சத்தின் கீழே கிடந்தாள் என் மகள், கண்ணைக் கட்டிக்கொண்டு. இன்று இருபது வயதைத் தாண்டி நன்றாக இருக்கிறாள்.

அந்த இரண்டு நாளும் நான் யோசித்தது இதைத்தான். சரியான கேள்வியைக் கேட்டது அம்மா. சரியான மருந்தை அறிந்திருந்தது இந்த ஊர். அம்மாவின் கேள்வி இல்லாவிட்டால் நான் பார்த்தே இருக்கமாட்டேன். அம்மாவின் பதிலோடு நின்றிருந்தால் பிள்ளை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

மஞ்சள் என்றால் என்ன

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு முதல் வாரத்தில் சிறிது மஞ்சள் வரும். கருவிலிருந்தபோது தேவைப்பட்ட அதிகப்படியான சிவப்பணுக்கள் பிறந்தபின் உடைகின்றன. அந்த உடைவிலிருந்து வரும் மஞ்சள் பொருள்தான் பிலிரூபின். அதைக் கழித்து அனுப்பும் ஈரல் இன்னும் வேலைக்குப் பழகவில்லை. ஆகவே மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை ஏறி, பின்பு தானாக இறங்கும். இது பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் அளவு மீறினால் பிலிரூபின் மூளைக்குள் படிந்து, காது கேளாமை, கை கால் இயக்கக் குறைபாடு என்று மீளாத கேட்டைத் தரும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதும் அவசரம்.

பிலிரூபின் உடலை விட்டுப் போகும் பெருவழி மலம். பிள்ளை அடிக்கடி பால் குடித்து, அடிக்கடி மலம் கழித்தால் அது போகும். குடிக்காவிட்டால் குடலிலிருந்து திரும்ப இரத்தத்துக்கே ஏறும். சீனித்தண்ணீர் ஏன் கெடுதல் என்பது இதிலிருந்தே புரியும். சின்ன வயிற்றைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் பிள்ளை பால் கேளாது, பால் இல்லாவிட்டால் மலம் இல்லை, மஞ்சள் ஏறும், மஞ்சள் ஏறினால் பிள்ளை மேலும் தூங்கும். 'குழப்படி இல்லாத பிள்ளை' என்று நாங்கள் மகிழ்ந்தது இந்தச் சுழலைத்தான்.

வெயிலைப் பற்றிய அம்மாவின் நினைப்பில் உண்மை இல்லாமல் இல்லை. 1956இல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் மாவட்டத்து ரொச்ஃபோர்ட் வைத்தியசாலையில், குறைமாதக் குழந்தைகளை வெயிலில் வைக்கும் வழக்கமுடைய வார்ட் என்ற தாதி, வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்திருப்பதை வைத்தியர்களுக்குக் காட்டினார். ஜன்னலோரம் வெயிலில் இருந்துவிட்ட இரத்தக் குழாயில் பிலிரூபின் குறைந்திருந்ததும் கவனத்துக்கு வந்தது. வைத்தியர் கிரேமரும் குழுவினரும் 1958இல் ஒளிச்சிகிச்சையை உலகுக்கு அறிவித்தார்கள். அந்தத் தாதி கண்டதும் எங்கள் அம்மாமார் கண்டதும் ஒன்றுதான். ஆனால் வெயிலுக்கு அளவு இல்லை. கூடினால் தோல் சுடும், குறைந்தால் பலன் இல்லை, உடுப்பைக் கழற்றினால் பிள்ளை குளிரும். நீல விளக்குக்கு அளவு உண்டு. ஆகவேதான் இன்று வெயிலை மருந்தாக யாரும் பரிந்துரைப்பதில்லை.

கைவிட வேண்டியவை

அம்மாமாரின் மனம் நோகும் என்று தயங்காமல் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

பிறந்ததும் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுவைக்கும் 'சேனை' வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். 1976இல் கலிஃபோர்னியாவில் இது கண்டறியப்பட்டது. ஜேர்மனியில் இன்றும் ஒரு வயது வரை தேன் கூடாது என்பது கண்டிப்பு.

வசம்பைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்பது வழக்கு. இரவில் பெயர் சொல்லக்கூடாது என்று 'பேர்சொல்லாதது' என்றும் சொல்வார்கள். அதிலுள்ள ஆசரோன் என்ற பொருள் நஞ்சுத்தன்மை உடையதென்பதால், அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. உரைத்துப் புகட்டவும் வேண்டாம், கையில் கட்டிச் சப்பவிடவும் வேண்டாம்.

கண்ணில் மை வேண்டாம். அதில் ஈயம் இருக்கலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம்; அது நுரையீரலுக்குள் இறங்கும். தொப்புளில் சாம்பல், மஞ்சள், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். காயவிட்டால் தானாக விழும். தொப்புளில் அசுத்தமானவற்றைப் பூசியது ஒரு காலத்தில் எத்தனை பச்சைப்பிள்ளைகளை ஏற்புவலிக்குப் பலிகொடுத்தது! தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் இந்தியாவில் அந்நோய் ஒழிக்கப்பட்டதாக 2015இல்தான் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. பிள்ளையின் மார்பு தடித்திருந்தால் பிசைந்து பால் எடுக்க வேண்டாம். அது தாயின் ஹோர்மோனால் வருவது, தானே வற்றும், பிசைந்தால் சீழ்பிடிக்கும்.

இன்னொன்று கொலோன். இலங்கையில் பிள்ளை பார்க்கப் போனால் பேபி கொலோன் போத்தல் இல்லாமல் போவதில்லை. அந்தப் பெயரின் ஊரான கொல்ன் நகரம் இங்கிருந்து எழுபது கிலோமீட்டர். 1709ஆம் ஆண்டிலிருந்து அங்கே அந்த வாசனைத் தண்ணீர் தயாரிக்கிறார்கள். அந்த நாட்டிலேயே பச்சைப்பிள்ளைக்கு அதைப் பூசும் வழக்கம் இல்லை. பிள்ளை தாயின் மார்பை மணத்தாலே கண்டுபிடிக்கிறது, அதை வேறு வாசனையால் மறைக்காதீர்கள் என்பது மருத்துவிச்சிகளின் சொல்.

காப்பாற்ற வேண்டியவை

சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடும் பழக்கம் போய், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கும் பழக்கம் வந்திருப்பது நம்மவர் பெற்ற நல்ல மாற்றம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம். பிள்ளை கேட்கும்போதெல்லாம் பால் கொடுப்பது, பக்கத்திலேயே வைத்திருப்பது, அழவிடாமல் தூக்குவது ஆகியன நம் தாய்மார் எப்போதும் செய்தவை. ஜேர்மனியில் இவை ஒரு காலத்தில் குற்றம். யோஹன்னா ஹாரர் என்பவர் 1934இல் எழுதிய தாய்மார் கைநூல், பிள்ளையைத் தனியறையில் போடு, அழுதால் அழவிடு, நேரத்துக்கு மட்டும் பால் கொடு என்று கற்பித்தது. நாஸிக் காலத்துக்கென்று எழுதப்பட்ட அந்த நூல், சில பகுதிகள் நீக்கப்பட்டு 1987 வரை அச்சில் இருந்தது. என் அயல்வீட்டு ஜேர்மன் மூதாட்டி ஒருமுறை, "எங்களுக்குத் தூக்கச் சொல்லித் தரவில்லை" என்று என் மகளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

எண்ணெய் பூசித் தடவுவதும் நல்லதே. வைத்தியசாலைகள் நமக்கு அதைத் திருப்பிக் கற்றுத்தருகின்றன. பிரெஞ்சு மகப்பேற்று வைத்தியர் ஃபிரெடெரிக் லெபொயே, கல்கத்தாவின் குடிசைப் பகுதியில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்து 1976இல் 'ஷந்தாலா' என்ற நூலை வெளியிட்டார். அதன் வழியாக இந்தியக் குழந்தைத் தடவல் ஜேர்மனியில் ஒரு வகுப்பாகிவிட்டது. அப்படி ஒரு வகுப்புக்குக் காசு கட்டிப் போயிருந்தேன். ஆசிரியை பொம்மையைக் காலில் கிடத்தி உருவிக்காட்டியபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழுத்தமாகத் திருகாமல், மூக்கையும் தலையையும் 'உருப்பிடிக்காமல்', மென்மையாகச் செய்தால் போதும்.

முதல் நாளே குளிப்பாட்ட வேண்டாம்; 24 மணி நேரமாவது பொறுக்கலாம். பிள்ளையின் மேலுள்ள வெண்பசை அழுக்கல்ல, அது இயற்கை பூசிய களிம்பு. குளிர்ந்தால் தாயின் நெஞ்சே சிறந்த கணப்பு. கொலம்பியாவின் பொகோட்டாவில் வைத்தியர் எட்கர் ரேய் 1978இல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் மார்போடு கட்டிவைத்தார். இன்று அது கங்காரு முறை என்று எல்லா நாடுகளிலும் வழங்குகிறது. தந்தையின் நெஞ்சும் அதற்குப் போதும். புலம்பெயர்ந்த வீடுகளில் அம்மம்மாவின் இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் அப்பாதான். சூசையப்பரின் காலுறைக் கதை எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிபுணர்களும் மாறியவர்களே என்பதை மறக்கக்கூடாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கே பிள்ளையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜேர்மனியில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் தூக்கத்தில் காரணமின்றி இறந்தன. மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்ன பின், புகை பிடிக்காத அறை, போர்வைக்குப் பதில் தூக்கப்பை என்ற அறிவுரைகளும் சேர்ந்து, அந்தத் தொகை ஏறத்தாழ நூறளவுக்கு இறங்கியது. ஊரிலே மல்லாக்கத்தான் எல்லோரும் கிடந்தோம். ஆனால் தொப்பி, கம்பளி, போர்வை என்று மூடிமூடிப் பிள்ளையை வேகவைக்கும் நம் பழக்கத்தை, கணப்பு எரியும் ஐரோப்பிய அறைக்குள் விட்டுவிடத்தான் வேண்டும். இங்குள்ள வெயில் போதாதென்பதால் தினமும் ஒரு விற்றமின் டி மாத்திரையும் பிள்ளைக்கு அவசியம்.

பார்த்தவுடன் ஓட வேண்டியவை

பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் எழும்பாமை, மூச்சு வேகமாகவோ முனகியோ வருதல், நெஞ்சுக்குழி உள்ளிழுத்தல், 38 பாகைக்கு மேல் காய்ச்சல், உடல் குளிர்ந்துபோதல், வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, பச்சை நிற வாந்தி, உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள். இவற்றில் ஒன்று கண்டாலும் அம்மாவுக்கு எடுப்பதற்கு முன் வைத்தியருக்கு எடுங்கள். ஜேர்மனியில் உயிர் அவசரத்துக்கு 112. இரவில் வைத்தியர் ஆலோசனைக்கு 116117. ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளைக்கு ஆறு ஈரத் துணியாவது இருக்கிறதா என்று எண்ணுங்கள். பத்துப் பதினான்கு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் இங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவரின் மனைவிக்குப் பிள்ளை பிறந்தது. நான்காம் நாள் மருத்துவிச்சியோடு நானும் போனேன். மேசைமேல் கைத்தொலைபேசியைச் சாய்த்துவைத்து அந்தப் பெண்ணின் அம்மா காணொளியில் இருந்தார். என் காலத்துத் தொலைபேசி அட்டை நினைவுக்கு வந்தது.

"கண்ணு வெள்ளையா இருக்குதுங்களா, கேளுங்க" என்றார் அந்த அம்மா என்னிடம்.

நான் ஜேர்மனில் கேட்டேன். மருத்துவிச்சி பிள்ளையை வெளிச்சத்துக்குத் திருப்பி, இமையை மெல்ல விலக்கிப் பார்த்தார். பின்பு முரசை அமர்த்திப் பார்த்தார். பிறகு தராசை எடுத்து, அதன்மேல் விரிக்க ஒரு துணி கேட்டார். அந்தப் பெண் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தது, அவளுடைய பாட்டியின் பழைய சின்னாளப்பட்டிச் சேலையின் ஒரு துண்டு.